ஆறாம் தறிக்காரி வாங்கின கார்

அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரத்தில் இரண்டு விஷயத்துக்குப் பயப்படுவார்கள். ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் உப்பைத் தள்ளச் சொல்வதற்கே ஆளாளுக்குத் தொண்டை கிழியக் கத்துவது. இன்னொன்று, எதிரெதிர் மாடியில் நிற்கிற இரண்டு பெண்கள் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அகட்டி அகட்டி அசைத்துவிட்டு, திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது. பேய் பிடித்த தெருவோ என்று தோன்றும். பேயுமில்லை, பிசாசுமில்லை. நூற்றெண்பது விசைத்தறி ஒரே கூரைக்குக் கீழே தடதடவென்று அடிக்கிற இடத்தில் இருபது வருஷம் நின்று பாருங்கள், உங்களுக்கும் காது போய்விடும். அப்புறம் அடுத்தவர் உதட்டைப் பார்த்துத்தான் பிழைப்பு ஓடும்.

அங்கே பெயர்கூட அவ்வளவாக உதவாது. தறி ஓடும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? தறி நம்பரை விரலில் காட்டினால்தான் தெரியும். அப்படி விரலில் ஆரம்பித்தது, வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ஆறாம் தறிக்காரியை அவள் மாமியாரே சாகும்வரை ‘ஆறு’ என்றுதான் கூப்பிட்டாள். அவள் புருஷன் அதே ஷெட்டில் தறி பழுது பார்க்கிறவர். அவர் எல்லோருக்கும் ஃபிட்டர். ஃபிட்டருக்கு இரண்டு காதும் சுத்தமாகப் போய்விட்டது. ஆறுவுக்கு இடது காது போய்விட்டது, வலது காது பாதி மிச்சம். முகத்தைப் பார்த்துப் பேசினால் ஒரு சொல் விடாமல் பிடித்துக்கொள்வாள்.

அந்த ஷெட்டை மூடிவிட்டார்கள். ஆறு மாசம் முன்னாடியே சொல்லி, கணக்குத் தீர்த்து, தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். தன் தறியை லாரியில் ஏற்றும்போது ஆறு பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மூன்றாவது நாள், இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டின்மேல் கட்டியிருக்கிற புது மில்லுக்குப் போய் சூப்பர்வைசரைப் பார்த்தாள். கூடவே இன்னும் நாலு பெண்கள். அந்த மனுஷர் நேராகவே சொன்னார்.

“அஞ்சு தறி உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்குச் சங்கு ஊதும்போது தறிகிட்ட ஆள் நிக்கணும். நிக்கலைன்னா நான் பொறுப்பில்ல. கேட்டுக்கு வெளியில முப்பது பேர் நிக்கறாங்க, பாத்தீங்கல்ல?”

பார்த்தார்கள். திரும்பி வரும்போது பஸ் நேரத்தையும் பார்த்தார்கள். முதல் பஸ் மில்லுக்குப் போய்ச் சேரும்போது மணி ஏழு பத்து. வேன்காரர் ஒருத்தரைக் கேட்டதற்கு, அவர் சம்பளத்தில் பாதியைக் கேட்டார். பஸ்ஸில் ஐந்து பேரும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்கள். இறங்குகிற இடம் வந்ததும் ஆறு எழுந்து நின்று சொன்னாள்.

“நான் ஓட்டறேன். ஒரு பழைய கார் வாங்கறேன். நான் ஓட்டிக் கூட்டிட்டுப் போறேன்.”

“நீயா?” என்றாள் பதினொன்றாம் தறிக்காரி. இவள்தான் ஆறுவுக்கு உயிர்த்தோழி, அதனால் பேச்சில் ஈரமே இருக்காது. “கடைசியா நீ ஓட்டினது உன் புருஷனைத்தானே?”

“லைசன்ஸ் இருக்குடி என்கிட்ட.”

லைசன்ஸ் இருந்தது உண்மைதான். ஷெட்டை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததுமே, எதற்கும் இருக்கட்டும் என்று புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார்கள். ஃபிட்டர் மூன்றே நாள்தான் தாக்குப்பிடித்தார். தறியின் கைப்பிடியைத் தட்டுகிற மாதிரி கிளட்சைப் படாரென்று விடுவார். வண்டி தவளை மாதிரி குதிக்கும். நாலாம் நாள் டிரைவிங் டீச்சர், சின்ன வயதுப் பெண், பாவம், கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டாள்.

ஆறு விடவில்லை. முதல் நாள் இஞ்சின் நின்றுபோனதே தெரியாமல் ஐந்து நிமிஷம் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டு, கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்து, வெகு சிரத்தையாக ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவள்தான். ஒரு மாசத்தில் ஊரையே சுற்றி வந்தாள். ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. மேட்டில் நிறுத்திய வண்டியை எடுப்பது.

“கிளட்சை மெதுவா விடுங்கக்கா. ஒரு இடத்துல பிடிக்கும். அப்ப இஞ்சின் சத்தம் லேசா எறங்கும். அதைக் கேட்டுட்டு ஹாண்ட் பிரேக்கை விட்டுடுங்க” என்பாள் டீச்சர்.

“எந்தச் சத்தம்?”

“அதான்க்கா... உர்ருன்னு இருந்தது ஊர்ர்ருன்னு ஆகும்.”

உர்ருக்கும் ஊர்ர்ருக்கும் ஆறு எங்கே போவாள்? ஒவ்வொரு தடவையும் வண்டி பின்னால் உருளும், இல்லாவிட்டால் தூக்கிப்போட்டு நின்றுவிடும். டெஸ்ட் அன்றைக்கு அவளுடைய நல்ல காலம், மேட்டுச் சாலையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிவைத்திருந்தார்கள். அதிகாரி சமதரையில் ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மேட்டில் அவளுக்கு வண்டி எடுக்க வராது என்பது டீச்சருக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். ஃபிட்டருக்குக்கூட அவள் சொல்லவில்லை. இப்போது மில் கேட் இருப்பதோ மேட்டில். கேட்டில் கம்பத்தைப் போட்டு, ஒவ்வொரு வண்டியாக நிறுத்தித்தான் உள்ளே விடுகிறார்கள். 

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் பழைய கார் விற்கிற இடத்துக்குப் போனார்கள். தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. தகரக் கூரை போட்ட பெரிய முற்றம். வரிசையாக வண்டிகள். ஒவ்வொன்றின் முன்கண்ணாடியிலும் சுண்ணாம்பில் ஆண்டு எழுதி, மழையில் பாதி அழிந்திருந்தது. ஒரு மூலையில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஆபீஸ் ரூம். உள்ளே முதலாளி. வெளியே தரகர். தரகருக்கு வாய்தான் மூலதனம். ஆளைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“வாங்கம்மா, வாங்கண்ணே. சின்னக் கார்தானே? இந்தச் சிவப்பைப் பாருங்க. ஒரே கை. ஒரு பேங்க் மேனேஜரம்மா வச்சிருந்தாங்க. வீடு விட்டா பேங்க், பேங்க் விட்டா வீடு. எறும்புக்குக்கூட வழிவிட்டு ஓட்டியிருக்காங்க.”

சிவப்பு வண்டி பளபளவென்றுதான் இருந்தது. உள்ளே வாசனைத் திரவம் அடித்திருந்தார்கள். ஆறுவுக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று, அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. ஃபிட்டர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முற்றத்தின் கடைசிவரை போய்விட்டு வந்தார். அங்கே சுவரோரமாக ஒரு சாம்பல் நிற வண்டி, பாதி தார்ப்பாய் மூடி நின்றது. கதவில் நீளமாக ஒரு கீறல்.

“அது என்ன விலை?” என்று முற்றம் அதிரக் கேட்டார்.

“அது வித்தாச்சுண்ணே!” என்று தரகரும் கத்தினார்.

தரகர் ஓட்ட, ஆறு பக்கத்தில் உட்கார, ஃபிட்டர் பின்னால் உட்கார, ஒரு சுற்றுப் போனார்கள். கிளம்பின உடனே தரகர் பாட்டை உச்சத்தில் வைத்தார். ஸ்பீக்கரைப் பற்றி நாலு வார்த்தை பெருமையாகச் சொன்னார். வழக்கமாக வருகிறவர்கள் அந்தச் சத்தத்தில் கியர் பெட்டியின் முனகலைக் கோட்டை விட்டுவிடுவார்கள். பாவம், இன்றைக்கு அவருக்கு வாய்த்தது இந்த இரண்டு பேர். பாட்டும் கேட்கவில்லை, முனகலும் கேட்கவில்லை. ஃபிட்டர் பின்னாலிருந்து எட்டி, கியர்க் கம்பிக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருஷமாகத் தறிக்கு அப்படித்தான் வைத்தியம் பார்த்தார்.

பிறகு ஆறு ஓட்டினாள். நேரான சமதரைச் சாலை. நன்றாகத்தான் ஓடியது. திரும்பிவந்து இறங்கினதும், தரகர் டீ சொல்லப் போன சமயத்தில் ஃபிட்டர் அவளைப் பார்த்து வாயை மட்டும் அசைத்தார்.

“ரெண்டாவதுல ஒரு நடுக்கம் இருக்கு. எனக்குப் பிடிக்கல.”

“உங்களுக்கு எதுதான் பிடிச்சுது? கல்யாணத்துக்கு எடுத்த புடவையே பிடிக்கலன்னீங்க.” இவளும் சத்தமில்லாமல்தான் சொன்னாள்.

“புடவை வேற, கியர் வேற.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை. இந்தக் கடை இருக்காது. இன்னிக்கு விட்டா திங்கக்கிழமை அஞ்சு பேரும் வீட்டுல உக்காந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கணும். நடுக்கம் கிடுக்கம்னு ஏதாவது சொல்லி என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க.”

டீ வந்தது. தரகர் இரண்டு டம்ளரை இவர்கள் கையில் கொடுத்துவிட்டு, “பேசிட்டிருங்க, இதோ வந்துட்டேன்” என்று ஆபீஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதலாளியும் அவருமாகக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசினார்கள். வெளியே தூறல். கண்ணாடி கனமானது. ஒரு சொல் வெளியே வராது என்ற தைரியம் அவர்களுக்கு.

ஆறு வேண்டுமென்று பார்க்கவில்லை. எதிரே ஒரு வாய் அசைந்தால் கண் தானாக அங்கே போய்விடும், அவ்வளவுதான். இருபது வருஷத்துப் பழக்கம்.

“முடிஞ்சுதா?” என்றார் முதலாளி.

“முடிஞ்ச மாதிரிதான். அந்தம்மா சிவப்புல விழுந்துட்டாங்க” என்றார் தரகர். “ரெண்டாவது கியர் மேட்டுல நிக்காதுங்கறது மேட்டுல ஏத்தினாத்தானே தெரியும்? சமதரையிலயே சுத்திக் காட்டிட்டேன்.”

“சாம்பல் வண்டியைக் கேட்டாரு போல?”

“வித்தாச்சுன்னுட்டேன். நாலு மணிக்குப் பக்கத்து ஊர் வியாபாரி வந்து பாக்கறேன்னிருக்காரு. அந்த மாதிரி இஞ்சின் வருஷத்துக்கு ஒண்ணுதான் சிக்கும். இவங்களுக்குப் போய் அதைக் குடுப்பானேன்? அந்தாளுக்குக் காது டமாரம். அந்தம்மாவுக்கு அரைக் காது. என்ன சொன்னாலும் தலையாட்டறாங்க. ஆமா, இப்ப மணி என்ன?”

ஆறு டீயைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தாள். உடம்பெல்லாம் சூடேறியது. பளபளப்பில் மயங்கின தன்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது. புருஷன் பார்த்தாரா என்று திரும்புவதற்குள் காரியம் கெட்டுப்போயிற்று. ஷெட்டில் யாராவது மணி கேட்டால் கையில் கடிகாரம் கட்டியிருக்கிற ஆள் ஃபிட்டர் ஒருத்தர்தான். அவர்தான் பதில் சொல்வார். அந்தப் பழக்கத்தில் மனுஷர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்து, கண்ணாடி ரூமைப் பார்த்து, முற்றமே அதிரக் கத்தினார்.

“மூணே கால்!”

கனமான கண்ணாடிதான். ஃபிட்டர் குரலுக்கு அது எம்மாத்திரம். உள்ளே இரண்டு பேரும் சிரிப்பை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு தரகர் மெதுவாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

“அண்ணே... என்ன சொன்னீங்க?”

“மணி கேட்டீங்களே. மூணே கால். நாலு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. உங்க வியாபாரி வர.”

“எந்த வியாபாரி? யாரு சொன்னா?”

“நீங்கதான் சொன்னீங்க” என்றாள் ஆறு. குரலை எவ்வளவு ஏற்றுவது என்று அவளுக்கு எப்போதும் கணக்குத் தெரியாது, இன்றைக்குக் கணக்கே பார்க்கவில்லை. “மேட்டுல ரெண்டாவது கியர் நிக்காதுன்னும் நீங்கதான் சொன்னீங்க. காது டமாரம்னும் சொன்னீங்க. வாஸ்தவம்தான். கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

“ஐயையோ, அம்மா, நாங்க வேற வண்டியைப் பத்திப் பேசிட்டிருந்தோம்...”

“அப்படியா? எறும்புக்கு வழிவிட்ட பேங்க் மேனேஜரம்மா வேற வண்டியா?”

முதலாளி வாசலுக்கு வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி போட்ட மனுஷர். அப்படியொன்றும் அயோக்கியர் இல்லை, யோக்கியர் என்றும் சொல்லிவிட முடியாது. வியாபாரி.

“உதட்டைப் பாத்தே படிச்சுட்டீங்களா?” என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

“தறிக்காரங்கய்யா நாங்க. எங்க ஷெட்டுல நூத்தெண்பது பேர். சத்தமே போடாம உங்க கடையைப் பத்தி ஊர் பூரா சொல்லிடுவோம். சொல்லவா, வேண்டாமா?”

“இந்தாம்மா, மிரட்டாதீங்க. சின்ன வண்டியில சின்னக் கோளாறு இருக்கத்தான் செய்யும். கியர் நிக்கும்.”

“நிக்குமா? சாவியைக் குடுங்க. அதோ தெரியுதே மேடு, அதுல ரெண்டாவதுல ஏத்தறேன். நீங்களும் பின்னாடி உக்காருங்க. கியர் நின்னா இதையே நீங்க சொன்ன விலைக்கு வாங்கிக்கறேன். வெளிய வந்துட்டா எனக்கு அந்தச் சாம்பல் வண்டியைத் தரணும்.”

சொல்லிவிட்ட பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. மேட்டில் கியர் வெளியே வந்தால் வண்டி நிற்கும். நின்ற வண்டியை எடுக்கவேண்டியது அவள். வாய் போன வேகத்துக்கு மனசு வரவில்லை. இனித் திரும்பவும் முடியாது. முதலாளி ஏற்கெனவே பின்சீட்டில் ஏறிக்கொண்டிருந்தார்.

தரகர் வரவில்லை. அவருக்கு ஏதோ போன் வந்துவிட்டதாம்.

மேட்டுச் சாலை குறுகலானது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் சாக்கடை. மழையில் தார் மினுங்கியது. ஆறு முதல் கியரில் கிளப்பி, இரண்டாவதுக்கு மாற்றி மிதித்தாள். வண்டி பாதி மேடு ஏறியது. முக்கால் மேட்டில் கியர்க் கம்பி யாரோ இழுத்த மாதிரி ‘டக்’கென்று நடுவுக்கு வந்து விழுந்தது. இஞ்சின் மட்டும் வீணாக உறுமியது. வண்டி தளர்ந்து, நின்று, பின்னால் உருளத் தொடங்கியது. பிரேக்கை அழுத்தி, ஹாண்ட் பிரேக்கை இழுத்தாள். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சரக்கு லாரி ஒன்று வந்து, முட்டுகிற மாதிரி நிற்கிறது. விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறான். ஹாரனும் அடித்திருப்பான்.

“சரி சரி, ஒத்துக்கறேன், கியர் நிக்கல!” என்று பின்சீட்டில் முதலாளி அலறினார். “நான் வேணா எடுக்கறேன், எறங்குங்கம்மா!”

அவர் அலறியது ஆறுவுக்கு எட்டவில்லை. அவர் முகம் கண்ணாடியில் தெரியவும் இல்லை. பக்கத்தில் ஃபிட்டர் அவளைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்ததும் மனுஷருக்கு விஷயம் புரிந்துபோயிற்று. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவராயிற்றே.

“மேட்டுல எடுக்க வராதா உனக்கு?” வாயை மட்டும் அசைத்தார்.

அவள் தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“ஏன்?”

“சத்தம் எறங்குமாம். எனக்குக் கேக்கல.”

ஃபிட்டர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். பிறகு, குழந்தையிடம் கோபித்துக்கொள்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொன்னார்.

“என்னைக்கு நீ தறியைக் காதால கேட்ட? செருப்பைக் கழட்டு.”

அவ்வளவுதான் சொன்னார். ஆறுவுக்குச் சட்டென்று உறைத்தது. இருபது வருஷமாக அவள் தறிக்கு முன்னால் பலகைமேல் வெறுங்காலோடுதான் நின்றாள். பாவில் நூல் அறுந்தால் உள்ளங்காலுக்குத்தான் முதலில் தெரியும். நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடுகிற நாடா தட்டுத் தவறினால் குதிகால் சொல்லிவிடும். டிரைவிங் ஸ்கூலிலோ கனத்த செருப்பைப் போட்டுக்கொண்டு, இல்லாத காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்!

இடது கால் செருப்பை உதறித் தள்ளினாள். வெறும் உள்ளங்காலைக் கிளட்சின்மேல் வைத்தாள். ஈரமும் குளிர்ச்சியுமாக இருந்தது. முதல் கியர். வலது காலால் லேசாக மிதித்துக்கொண்டு, இடது காலைத் தூக்கினாள். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். ஒன்றுமில்லை. இன்னும் ஒரு மயிரிழை. அப்போது உள்ளங்காலில் குறுகுறுவென்று ஒரு நடுக்கம் ஏறியது. தறி ஓடத் தொடங்கும்போது பலகையில் வருகிற அதே நடுக்கம். ஐயோ, இதைத்தானா இத்தனை நாள் சத்தம் சத்தம் என்று சொன்னார்கள்!

ஹாண்ட் பிரேக்கை விட்டாள். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. முன்னால் போனது. சாது மாதிரி, சொன்ன பேச்சைக் கேட்டு, முதல் கியரிலேயே மேட்டின் உச்சிவரை ஏறியது. ஃபிட்டர் இரண்டு கையாலும் டாஷ்போர்டைத் தட்டினார். ஆறு சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாகவே வந்தது. உச்சியில் வண்டியைத் திருப்பி, இறங்கி வந்து, மறுபடியும் பாதி மேட்டில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடியும் எடுத்தாள். மூன்றாவது தடவையும் எடுத்தாள்.

“அம்மா, போதும்மா” என்றார் முதலாளி, அவள் தோளைத் தொட்டு, முகத்தை அவள் பார்வைக்கு முன்னால் நீட்டி. “எனக்கு மயக்கம் வருது. சாம்பல் வண்டி உங்களுக்குத்தான்.”

சாம்பல் வண்டியின் தார்ப்பாயை எடுத்துப் பார்த்தார்கள். பின்பக்கக் கண்ணாடி ஒன்றைக் கையால் தள்ளினால்தான் ஏறும். சீட்டில் நாய் முடி. அதற்கு மேல் ஒரு குறை சொல்ல முடியவில்லை. அதே மேட்டில் இரண்டாவது கியரில் ஏற்றினாள், கம்பி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஃபிட்டர் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார்.  திறந்தபோது, பொண்ணு பார்த்துப் பிடித்துப்போன மாமனார் முகம்.

விலை பேசும்போதுதான் வேடிக்கை. முதலாளியும் தரகரும் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசவேண்டி வந்தது. கண்ணாடி ரூமுக்குள் போனார்கள். சட்டென்று நினைவு வந்து, இரண்டு பேரும் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பேசினார்கள். அப்பவும் நம்பிக்கை இல்லாமல் தரகர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். வெளியே இவர்கள் இரண்டு பேரும், தாராளமாக, நேருக்கு நேர் நின்று பேசி முடித்துவிட்டார்கள்.

“கீறல் இருக்குன்னு சொல்லிக் குறைங்க” என்றாள் ஆறு.

“கீறலை விடு. காது டமாரம்னான்ல, அதுக்குத் தனியாக் குறைக்கச் சொல்றேன்.”

குறைத்தார்கள். நாலு மணிக்கு வியாபாரி வந்து இறங்கியபோது, சாம்பல் வண்டி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. தரகர் அவருக்கு என்ன சொன்னார் என்பதைப் பின்கண்ணாடியில் ஃபிட்டர் படித்துவிட்டார். வெளியே சொல்லக்கூடியதாக இல்லை.

தெருவில் வண்டி நுழைந்ததும் கூட்டம் கூடிவிட்டது. பதினொன்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கீறலை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதுதானாடி கார்? நான் ஏதோ பளபளன்னு வரும்னு பாத்தேன்.”

“பளபளன்னு ஒண்ணு இருந்துச்சு. அதுல போனா நீ மேட்டுல எறங்கித் தள்ளணும். தள்றியா?”

“அம்மாடி, இதுவே நல்லாருக்கு” என்று பதினொன்று முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஃபிட்டர் சீட்டிலிருந்து நாய் முடியைப் பொறுக்கினார். சாயங்காலம் கிளட்ச் பெடலின் ரப்பர் உறையைக் கழற்றி, தேய்த்துக் கழுவி, காயவைத்து மாட்டினார். அவள் கால் படுகிற இடம் என்று யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் அழுக்கு என்றிருப்பார்.

திங்கட்கிழமை காலை ஐந்தேகாலுக்கு ஐந்து பெண்களும் சாப்பாட்டு டப்பாக்களோடு ஏறினார்கள். வண்டி கிளம்பி இரண்டு தெரு போவதற்குள் ஒரு சிக்கல் வந்தது. பின்சீட்டில் இருந்த மூன்று பேரும் பழக்க தோஷத்தில் சத்தமில்லாமல் பேசத் தொடங்க, ஆறுவின் கண் கண்ணாடிக்குப் போய்விட்டது. பேச்சும் சாதாரணப் பேச்சு இல்லை, பதினொன்றின் நாத்தனார் கதை. ஆறு வண்டியை ஓரம் கட்டினாள்.

“இந்தா பாருங்கடி. நான் ஓட்டும்போது ஒருத்தியும் வாயை அசைக்கக்கூடாது. மீறினா எறக்கிவிட்டுடுவேன். ஏழு பத்துக்கு மில்லுல கொண்டுபோய் எறக்கற பஸ் இருக்கு.”

“கதையோட முடிவை மட்டுமாவது சொல்லிடறேண்டி” என்றாள் பின்சீட்டில் ஒருத்தி.

“சாயங்காலம், வண்டியை நிறுத்திட்டுக் கேக்கறேன்.”

கண்ணாடியைச் சாலை மட்டும் தெரிகிற மாதிரி திருப்பிவைத்துவிட்டுக் கிளம்பினாள். அதற்குப் பிறகு ஐந்து பேரும் இருபது கிலோமீட்டர் வாயை மூடிக்கொண்டு வந்தார்கள். அந்தத் தெருவில் இப்படியொன்று அதுவரை நடந்ததே இல்லை.

மேடு வந்தது. கேட்டுக்கு முன்னால் வரிசை. நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று, அதற்குப் பின்னால் ஒரு வேன், அதற்குப் பின்னால் இவர்கள். கேட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கம்பத்தைத் தூக்குகிறார். செங்குத்தான மேடு, சனிக்கிழமை மேட்டைவிட ஒரு சுற்று அதிகம். ஆறு ஹாண்ட் பிரேக்கை இழுத்தாள். இடது செருப்பைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் இருந்த பதினொன்றின் மடியில் போட்டாள்.

“கருமம், என் மடியிலயா?” என்று சொல்ல வந்த பதினொன்று, சட்டத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டு செருப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

லாரி நகர்ந்தது. வேன் நகர்ந்தது. வேன் ஒரு முழம் பின்னால் உருண்டு, பிறகுதான் மேலே போனது. ஆறு உள்ளங்காலைத் தூக்கினாள். மயிரிழை. இன்னும் மயிரிழை. குறுகுறுவென்று வந்தது. விட்டாள். வண்டி உருளவே இல்லை, நேராக ஏறிக் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. கேட்டுக்காரர் குனிந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“டிரைவர் எங்கம்மா? அவர் பேரு எழுதணும்.”

“எழுதிக்குங்க. நான்தான்.”

அவர் இன்னொரு தடவை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டு கம்பத்தைத் தூக்கினார். உள்ளே வண்டியை நிறுத்தி ஐந்து பேரும் இறங்கினபோது மணி ஐந்து ஐம்பது. மாடியில், தறிக்கூடத்தின் நீளமான ஜன்னலுக்குப் பின்னால், இரவு ஷிப்ட் முடிக்கிற பெண்கள் நாலைந்து பேர் நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத முகங்கள். அதில் ஒருத்தி, ஐம்பது வயதுக்காரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாயை அகட்டிக் கேட்டாள்.

“யாருடி வண்டி ஓட்டினது?”

இங்கேயும் இதே பேச்சுத்தான். ஆறுவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுங்காலுமாக நின்றுகொண்டு, நெஞ்சில் கையை வைத்து, உதட்டை நன்றாகத் திறந்து, சத்தமே இல்லாமல் சொன்னாள்.

“நான்.”

ஜன்னலில் நின்றவர்கள் கையைத் தூக்கித் தட்டினார்கள். அது யாருக்கும் கேட்கவில்லை. வெறுங்காலுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் தறிகளின் நடுக்கம் ஏறிக்கொண்டிருந்தது. ஆறு பதினொன்றின் கையிலிருந்த செருப்பை வாங்கவும் மறந்து, படியேறி ஓடினாள்.